பிரிக்காத கட்டு

என் அக்கா புருஷன் கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்தால் போதும், பழைய பேப்பர் கடைக்கு ஓடிப்போய் ஓவிய அட்டை போட்ட வாரப் பத்திரிகைகளாக அள்ளி வருவார். கட்டிலுக்கு அடியில், பரணில், அரிசி டின்னுக்குப் பின்னால், எங்கே கை வைத்தாலும் புத்தகம்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வீட்டில் ஒரு மனுஷன் காலை நீட்டிப் படுக்க முடியாது.

"அவரை ஒண்ணும் சொல்லாதடா, அம்மாவைத் தேடுறார்" என்று அக்கா ஒருநாள் அதட்டிய பிறகுதான் வாயை மூடினேன்.

அவருக்கு அம்மா முகம் தெரியாது. அவர் நடை பழகும் வயதிலேயே அவள் செத்துப்போய்விட்டாள். ஒரு போட்டோகூடக் கிடையாது. மாடியில் குடியிருந்த ஓவியர் அவளைப் பார்த்து ஒரு அட்டைப்படம் வரைந்தாராம். ஜன்னலோரம் நின்று லாந்தர் துடைக்கிறாள், மோவாயில் மச்சம். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்று அவர் அப்பாவுக்கு ஞாபகமில்லை. நல்ல அப்பா!

போன மழைக்காலத்தில் பேப்பர் கடையிலிருந்து ஒரு பழைய பத்திரிகைக் கட்டு வந்தது. அத்தானுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை.

"யாரும் பிரிக்காதீங்க. ஆபரேஷன் முடியட்டும், நானே முதல்ல பாக்கணும்" என்றார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கூரை ஒழுகிக் கட்டின் ஓரம் நனைந்துவிட்டது. பதறிப்போன அக்கா, சொன்ன சொல் மீறாமல், கட்டைப் பிரிக்காமலே பைண்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். "காயவச்சு தச்சுக் குடுங்க. ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போட்டுடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம்.

அத்தான் வீடு திரும்பிய அன்று பைண்டரே புத்தகத்தைக் கொண்டுவந்தார். முன்னும் பின்னும் கெட்டி அட்டை, நடுவில் வெறும் கதைகள். முகப்புப் படம் ஒன்றுகூட இல்லை.

"எதையும் தூக்கிப் போடலைம்மா. படம் போட்ட தாளெல்லாம் தடிசா இருந்துச்சு. ஒண்ணுமேல ஒண்ணு ஒட்டித்தான் இந்த அட்டையே செஞ்சேன்" என்றார் பைண்டர், பெருமையாக.

"பிரிக்க முடியாதாய்யா?" என்று கத்தினேன்.

"பசை ஊறிப்போச்சு தம்பி. பிரிச்சா கூழாத்தான் வரும்."

அத்தான் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பொருளடக்கத்தின் அடியில் நின்றார். 'அட்டைப்படம்: லாந்தர் துடைக்கும் பெண்.' பொடி எழுத்து. கண்ணாடி போடாமலே படித்தார்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலை. முன் அட்டையைத் தடவினார், பிறகு பின் அட்டையை.

"எதுலன்னு தெரியலையே" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீ என்ன பண்ணுவ, பாவம். நல்லா கெட்டியாத்தான் ஒட்டியிருக்கார்" என்றார்.

அக்கா அடுக்களைக்குள் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.