ஈட்டிக்காரிக்கு விசிலடித்தவர்கள்

டிசம்பர் கடைசி வாரத்தில் எங்கள் கிரிக்கெட் அணியின் வாட்ஸாப் குழுவில் ஓட்டெடுப்பு நடக்கும். அந்த வருடம் பார்த்ததில் சிறந்த படம் ஒன்று, விளையாட்டில் மறக்க முடியாத தருணம் ஒன்று. ஆளுக்கு இரண்டு ஓட்டு. மற்றவர்கள் பெயரை மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். நான் காரணமும் எழுதுவேன், பத்து வரிக்குக் குறையாமல். "வாத்தியார் கட்டுரை போட்டுட்டாருபா, நாளைக்குப் படிச்சிக்கலாம்" என்று கீழே ஒருவன் சிரிப்பான். எனக்கு அதில் பெருமைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். எழுதத் தெரிந்தவன் எழுதாமல் இருப்பானா?

இந்த வருடம் இரண்டிலும் போட்டியே இல்லை. படம், ஈட்டி எறியும் ஒரு பெண்ணின் கதை. தருணம், பெண்கள் கிரிக்கெட் அணி கோப்பையைத் தூக்கியது. இருபத்திரண்டு பேரில் நான் நீங்கலாக எல்லோரும் ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒருமனதாக. "ரெண்டுலயும் பொண்ணுங்கதான் மச்சான். நம்ம பசங்க மனசே மனசு" என்று கேப்டன் எழுதி, கைகூப்பும் பொம்மைகள் மூன்று வைத்திருந்தான்.

அதைப் படித்தபோது அம்பத்தூருக்கு வேலைக்குப் போகும் ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். வண்டி அண்ணனூரில் நின்று புறப்பட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்துச் சற்றே தள்ளி நின்றார். வாய்விட்டு ஏதோ சொல்லியிருப்பேன் போலிருக்கிறது.

ஏன் அவ்வளவு கோபம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படத்தை நாங்கள் ஒரு சனிக்கிழமை மதியக் காட்சிக்குப் பதினான்கு பேராகப் போய்ப் பார்த்தோம். கதை புதிதில்லை. ஊர்ப் பெரிய மனிதன் மைதானத்துக்கு வேலி போட்டுப் பூட்டிவிடுவான். அந்தப் பெண் வெளியே ரோட்டில் நின்றுகொண்டு, வேலிக்கு மேலாக ஈட்டியை எறிவாள். ஈட்டி உள்ளே போய் மண்ணில் குத்தி நின்று ஆடும். தியேட்டரே எழுந்து நின்றது. கேப்டன் விசிலடித்து விசிலடித்து மூச்சு வாங்கினான். வெளியே வந்து எங்கள் சேக்காட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அதே பேச்சு. "அந்த வேலி போட்டவன் எதிர்ல கெடச்சான்னு வெய்யி, மூஞ்சிலயே குத்துவேன்" என்றான். கண் உண்மையிலேயே கலங்கியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடையில் அதே கேப்டன் சொன்னான்: "மச்சான், செப்டம்பர்ல டோர்னமென்ட் வெக்கறோம். பதினாறு டீமு. பவுண்டரி எல்லாப் பக்கமும் ஒரே அளவு இல்லன்னா வெளியூர்க்காரன் சண்டைக்கு வருவான். கம்பெனிலருந்து டேப் கொண்டாந்து நீயே அளந்துடு. நீ அளந்தா எவனும் வாயத் தொறக்கமாட்டான்."

நான் வேலை பார்ப்பது உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில், தரச் சோதனைப் பிரிவில். நாள் முழுவதும் அளப்பதுதான் வேலை. அளவில் என்னை யாரும் அசைக்க முடியாது என்பது மைதானத்திலும் பேர். அந்த வாரமே டேப்பைக் கொண்டுவந்து, பிட்ச்சின் நடுவில் ஆணி அடித்து, ஐம்பத்தைந்து மீட்டர் சுற்றி அளந்து சுண்ணாம்புத்தூள் போட்டேன். மூன்று பக்கம் சிக்கலில்லை. நான்காவது பக்கம், வீடுகளை ஒட்டிய மூலையில், கோடு ஒரு கபடிக் களத்தின் குறுக்கே போனது.

அந்தக் களத்தில் ஆடியவர்கள் எங்கள் தெருக்களின் பெண்பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் தங்கை. ரெய்டு போனால் வெறும் கையோடு திரும்பமாட்டாள். அக்டோபரில் மாவட்ட அளவில் அணித் தேர்வு இருந்தது. அதற்காக ஒரு வருடமாக, தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த மூலையில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். சரியாக ஏழு பேர். மாற்று ஆட்டக்காரி என்று ஒருத்தியும் கிடையாது. கோடு போட்டதும் அந்த மூலை எங்கள் அணிக்கு என்றானது; அவர்கள் வேறு இடம் போக வேண்டும்.

நான் அநியாயம் செய்வதாக நினைக்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைக் கொதிக்க வைக்கிறது. பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு காலி இடம் இருந்தது. சமதளம், விளக்குக் கம்பம்கூட இருந்தது. அங்கே பெண்கள் பயிற்சி செய்ய அனுமதி கேட்டு வார்டு அலுவலகத்துக்கு ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். 'மகளிர் விளையாட்டை ஊக்குவிக்கும் பொருட்டு' என்றெல்லாம் போட்டேன். பத்தே நாளில் வாய்மொழியாகச் சரி என்றார்கள். வெற்றி வீரன் மாதிரி வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன்.

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்க எவளும் வரமாட்டா."

"ஏன்? இதவிட நல்ல எடம். லைட்டு கீது."

"லைட்ட வெச்சு இன்னா பண்றது? வரமாட்டாங்கன்னா வரமாட்டாங்க. உனக்குச் சொன்னா புரியாது."

"புரியற மாதிரி சொல்லேன்."

அதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். "அடியே, அண்ணன் படிச்சவன். மனு எழுதி எடம் வாங்கினு வந்துருக்கான். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். பேசாம துன்னு."

எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. நான் எட்டாம் வகுப்பில் கரண்ட் பில்லைப் படித்துச் சொன்ன நாளிலிருந்து அப்படித்தான். ரேஷன் கார்டா, பேங்க் புத்தகமா, அப்பாவின் கம்பெனிக் கடிதமா, நான் பார்த்துச் சொல்வதுதான் முடிவு. தாளைப் படிக்கத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

முதல் வாரம் ஏழு பேரும் ஏரிப் பக்கம் போனார்கள். இரண்டாம் வாரம் ஆறு. மாதம் முடிவதற்குள் ஐந்து. 'சோம்பேறிப் பிள்ளைகள்' என்று எனக்கு எரிச்சல். நேராகப் போய்ப் பேசுவோம் என்று, முதலில் நின்றுபோன பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அம்மா வாசலில் இட்லி மாவு விற்பவர். மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக்கொண்டே பேசினார்.

"வா நைனா. ஒக்காரு. இன்னா, பொண்ணக் கேக்க வந்தியா?"

"ஆமாக்கா. நல்லா ஆடறா. ஏன் நிறுத்திட்டீங்க?"

அவர் கரண்டியால் மைதானத்தைக் காட்டினார். "இங்க ஒக்காந்தா அந்த மூல தெரியுதா? நான் மாவு ஊத்திகினே எம்பொண்ணு தலையப் பாத்துகினு இருப்பேன். எதுத்த ஊட்டுக்காரி அவ பொண்ண மாடிலருந்து பாப்பா. அவ புருசங்காரனும் ஒண்ணும் சொல்லமாட்டான், கண்ணு முன்னாலதான கீறாங்கன்னு. அதனாலதான் ஒரு வருசமா உட்டோம். நீ ஏரிக்கு அனுப்பிட்ட. அங்க யாரு பாக்கறது?"

"லைட் கீதுக்கா" என்றேன், முட்டாள் மாதிரி.

"லைட்டு கீது. லைட்டுக்குக் கீழ கரை மேல பாட்டிலோட ஒக்காந்துகினு கீறானுங்களே, அவனுங்க யாரு? உங்க டீமு பசங்கதான? போன வாரம் எம்பொண்ணப் பாத்து ஒருத்தன் 'கபடி கபடி'ன்னு மூச்சு உட்டுக் காட்டினானாம். மனு எழுதத் தெரியுது உனக்கு. இது தெரியலியே."

ஏழு குடும்பங்களும் அந்த மூலையை நம்பித்தான் பெண்களை வெளியே விட்டிருந்தன. அது எந்தத் தாளிலும் எழுதப்படாத ஒப்பந்தம். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். என் தங்கைக்குத் தெரியும், அம்மாவுக்குக்கூட நினைத்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். டேப்போடு திரிந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

அன்றைக்கே கேப்டனிடம் போனேன். அவனுடைய அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர், குவார்ட்டர்ஸில் வீடு. அவன் கெட்டவன் இல்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது இரண்டு நாள் கூடவே படுத்திருந்தவன். 'கபடி கபடி' என்றவனைக் கூப்பிட்டு என் எதிரிலேயே கன்னத்தில் ஒன்று வைத்தான். பிறகு தோளில் கைபோட்டு, "முடிஞ்சுதா? போதுமா?" என்றான்.

"போதாது. அந்த மூலையக் குடுத்துடு. டோர்னமென்ட்தான் முடிஞ்சுபோச்சே."

"அது எப்டி மச்சான்? அடுத்த டோர்னமென்ட் வருது. இன்னிக்கு உட்டா நாளைக்குக் கேக்க முடியாது. அளவுன்னா அளவுதான? யார் அளந்தது? நீதான அளந்த?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "மாமே, உன் டேப்புதான்டா தப்பு" என்றான் ஒருவன்.

அணித் தேர்வுக்குப் பேர் கொடுக்கும் கடைசி நாளன்று என் தங்கை ஐந்து பேரின் பெயர்களோடு பள்ளி விளையாட்டு ஆசிரியையிடம் போனாள். "ஏழு பேர் இல்லாம நான் எப்படிம்மா அனுப்பறது?" என்றாராம். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டுப் பாடம் எழுத உட்கார்ந்தாள். அழுதிருந்தால் தேற்றியிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்தாள்.

அதற்குச் சில வாரம் கழித்துத்தான் பெண்கள் அணி கோப்பை வென்றது. எங்கள் பையன்கள் மைதானத்தில் பட்டாசு வெடித்தார்கள். எங்கே நின்று வெடித்தார்கள் என்றால், அந்த மூலையில். "நம்ம பொண்ணுங்கடா!" என்று கத்தினார்கள். பத்தடி தூரத்து வாசலில் அந்த மாவுக்காரக்கா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அவருடைய பெண் இருந்தாள். அவள் யாருடைய பொண்ணு?

ஆகவே அன்று ரயிலில் அந்த ஓட்டெடுப்பைப் பார்த்தபோது, அம்பத்தூர் வருவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். 'இந்த வருடத்தின் சிறந்த படத்தில் வில்லன் வேலி போட்டான். நாம் சுண்ணாம்பு போட்டோம். போட்டது நான். திரையில் இருக்கும் பெண்ணுக்கு அழ ஒரு டிக்கெட் போதும். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது அடி நிலம் விட மனசு வரவில்லை. கோப்பை வாங்கியவர்களும் ஏதோ ஒரு தெருவில் ஏதோ ஒரு மூலையில்தான் ஆடிப் பழகியிருப்பார்கள். நம் தெருவில் பிறந்திருந்தால் அவர்களையும் ஏரிக்கு அனுப்பியிருப்போம். என் ஓட்டு எதற்கும் இல்லை. உங்கள் மனசுக்கு ஒரு கும்பிடு.' இன்னும் இருந்தது. சில வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அனுப்பிவிட்டு, பதில் வருவதற்குள் குழுவை விட்டு வெளியேறினேன்.

வேலை நேரம் முழுக்க ஒரு மிதப்பு. செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட ஆள் மாதிரி. சாயங்காலம் வந்ததும் தங்கையிடம் போனைக் காட்டி முழுவதையும் படிக்கச் சொன்னேன். நிதானமாகப் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதிருக்க. குரூப்ப விட்டு வெளிய வந்துட்டியா?"

"ஆமா. இனிமே அவனுங்க மூஞ்சிலயே முழிக்கமாட்டேன்."

"மைதானத்துல எந்த எடம் யாருக்குன்னு எங்க பேசுவாங்க?"

"குரூப்லதான். ஞாயித்துக்கெழம கூட்டத்துல முடிவு பண்ணுவாங்க."

"அங்க எங்களுக்காகப் பேச இனிமே யார் கீறாங்க?"

நான் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"உனக்கு ரோஷம் வந்துச்சு, வெளிய வந்துட்ட. உன் ரோஷத்த வெச்சுகினு நான் இன்னா பண்றது? பொங்கல் கழிச்சு இன்னொரு செலக்‌ஷன் கீது. எனக்கு ஏழு பேர் வேணும். ஏழு பேர் வரணும்னா அந்த மூல வேணும். நீ திட்டினியா கொஞ்சினியான்னு எனக்கு அக்கறை இல்ல. போய் வாங்கினு வா."

இருபத்தைந்து வயதில் எனக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை. படித்தவனிடம் எங்கள் வீட்டில் இப்படிப் பேசமாட்டார்கள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்தமுறை குறுக்கே வரவில்லை.

கேப்டனுக்குப் போன் செய்தேன். "சேத்துக்கறேன் மச்சான். ஆனா பசங்க காண்டுல கீறாங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்த போட்டுடு" என்றான். சேர்த்தான். 'யார் மனதாவது புண்பட்டிருந்தால் மன்னிக்கவும்' என்று எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் பச்சைப் பொய் அதுதான். ஒருவன் உடனே சிரிக்கும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு, "கட்டுரை ஒரே வரில முடிஞ்சுபோச்சே வாத்தியாரே" என்று எழுதினான். பற்களைக் கடித்துக்கொண்டு அடுத்த செய்தியைப் போட்டேன்: ஞாயிறு கூட்டத்தில் அந்த மூலையைத் தினம் சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு வரை பெண்களுக்கு விடுவது பற்றி ஓட்டெடுப்பு வேண்டும்.

இருபத்திரண்டு பேர். பன்னிரண்டு ஓட்டு வேண்டும். மூன்று நாளாக ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருக்கிறேன். என்னையும் சேர்த்து இதுவரை ஒன்பது. அடுத்து அழைக்க வேண்டியது அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரனை. அவன் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியில் கால்மணி நேரமாக நடக்கிறேன். நினைக்க நினைக்க உடம்பு கொதிக்கிறது. அவன் எடுத்ததும் "மச்சான், சாப்ட்டியா?" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.