முதுகில் ஆள் இருந்தால்

வெள்ளம் வந்தபோது நான் பத்திரமான இடத்தில்தான் இருந்தேன். எண்பதுகளில் ஒரு பள்ளி விடுமுறை. மலேசியாவில் ஷா ஆலம் பக்கம் ஒரு குதிரைக் கிளப். அங்கே லாயத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, என்னை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போயிருந்தார். ஆறு ஏறியதும் என்னை ஆபீஸ் மாடியில் கணக்கெழுதும் கிராணி ஆன்டியிடம் விட்டுவிட்டுக் குதிரைகளை மேட்டுக்கு விரட்டினார். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற குதிரைகள் பயத்திலேயே பறந்தன. ஜெர்மன்காரி மட்டும் நின்றுவிட்டாள்.

அவள் ஹனோவர் இனம். செம்பழுப்பில் ஒரு குன்று. இடது தொடையில் சூடுபோட்ட முத்திரை. அவளுடைய பூர்வீகம் மாமாவுக்கு மனப்பாடம்.

"ரேஸ் குதிரைக்குச் சூட்டு ரத்தம் பாப்பா, பட்டாசு மாரி. வண்டிக் குதிரைக்குக் குளிர் ரத்தம். இது ரெண்டும் கலந்தது. அந்தக் காலத்துல ஏர் உழுவும், பட்டாளத்துக்கும் போவும். டிராக்டர் வந்துச்சு, வேலி தாண்ட வச்சிட்டாங்க."

உழவின் பொறுமை, தாவலின் விசை, இரண்டும் ஒரே உடம்பில். மனிதனோடு சேர்ந்து உழைப்பதற்கென்றே பெருக்கிய இனம். முதுகில் ஆள் இருந்தால் என் உயர வேலிக்கும் அஞ்சமாட்டாள். ஆள் இல்லையென்றால் மழைக்குட்டையைக்கூடச் சுற்றித்தான் போவாள்.

தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது. மாமா இழுத்தார், கெஞ்சினார், திட்டினார். அசையவில்லை. அவரே ஏறவும் வழியில்லை. பாதையோரத்து லொங்காங், அந்தப் பெரிய சாக்கடை, விளிம்பு தெரியாமல் மூழ்கிக் கிடந்தது. ஒருவர் கம்பால் தடவிக்கொண்டு முன்னால் நடந்தாக வேண்டும்.

மாமா நிமிர்ந்து மாடியைப் பார்த்தார். பிறகு என்னை.

"அண்ணே, வேணாம்லா! குதிரை போனா போவட்டும்!" ஆன்டி கத்தினார்.

"பிளேன்ல வந்த குதிரைம்மா. இது போனா நானும் போனேன்."

தோளில் தூக்கிவந்து அவள் முதுகில் வைத்தார். என்ன மாயம்! காதுகள் நிமிர்ந்தன, முதுகு எனக்கடியில் விழித்தது. நடந்தாள். தண்ணீருக்குள், சேற்று மணத்துக்குள், மிதந்துவந்த வாளிகளுக்கு நடுவே நடந்தாள். பாதி வழியில் பின்னங்கால் லொங்காங்கில் வழுக்கியது. நான் சரிந்தேன். இடுப்புவரை ஆறு. பிடரிமயிரை விடவில்லை. கம்பைப் போட்டுவிட்ட மாமாவின் இரண்டு கைகளும் குதிரையின் கயிற்றில் இருந்தன. ஒரே உந்தல், அவள் எழுந்தாள், என்னோடு.

தண்ணீர் வடிந்த பிறகு அம்மா வந்தாள். ஆன்டி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மாமா குதிரையின் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாடியில நின்ன பிள்ளைய எதுக்குடா எறக்குன?"

மாமா அடுத்த காலைத் துடைக்கத் தொடங்கினார். இதற்குக்கூடவா பதில் தெரியாது? நானே பெருமையாகச் சொன்னேன்: "நான் ஏறலேன்னா குதிரை வராதும்மா."

மாமா சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னை வெடுக்கென்று தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவரைத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். இவ்வளவு தைரியமான பிள்ளையை ஏன் ஒருவரும் பாராட்டவில்லை என்று வழிநெடுக அழுதேன்.