படத்தில் இல்லாத அட்டை

தூரிட் இருபத்தாறு வருடம் வடகடல் எண்ணெய் மேடைகளில் சமைத்தவள். மேடையில் தீப்பிடித்தால் மூன்றாம் நம்பர் உயிர்காப்புப் படகுக்கு ஆள் கணக்கு பார்ப்பதும் அவள்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் நிஜமாகவே பிடித்தது. படகு இறங்கியது. வெல்டர் ஓட்வர் மட்டும் மேலேயே செத்தான்.

அதைப் படமாக எடுத்துவிட்டார்கள். மேடைத் தொழிலாளர் சங்கத்துக்காரனான நானும் தூரிட்டும் முதல் காட்சியை நார்வேயின் ஹௌகெசுண்ட் ஊர்த் தியேட்டரில் பார்த்தோம். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீயின் சத்தம் அச்சு அசல். நடுங்குகிற விரலுக்கு மிதவை உடையின் ஜிப் ஏறாமல் அடம்பிடிக்கிறதே, அந்த ஒரு நிமிடத்துக்காக இயக்குநருக்குக் கை கொடுக்கலாம். மீதி பொய். மேடை மேனேஜர் தீக்குள் பாய்கிறார். படப்பிடிப்புக்கு ஹெலிகாப்டர் கொடுத்தது கம்பெனி, பாயாமல் என்ன செய்வார்? சமையல்காரியோ, ஆளை விட்டுவிட்டுப் படகை இறக்கச் சொல்லி அலறுகிறாள்.

படம் முடிந்து வெளியே வந்த நடையில் ஓட்வரின் மகள் சில்யே மறித்தாள்.

"எங்கப்பாவ விட்டுட்டுத்தான் ஓடினீங்களா, தூரிட்?"

"சினிமாக்காரன் பேச்ச நம்பிட்டு வராதே" என்றேன்.

"நீ சும்மா இரு, உன் சங்கத்துப் பிரசங்கம் வேணாம்" என்று என்னை அடக்கினாள் தூரிட். "பயந்து ஓடலம்மா. படகுகிட்ட வந்து சேர்ந்தவன் பலகைல தன் பேர் அட்டையத் திருப்பணும். எல்லாம் திரும்பினாத்தான் படகு இறங்கும். உங்கப்பா அட்டை திரும்பியிருந்துச்சு."

"யார் திருப்பினா?"

"நான்தான்."

தீ ஒத்திகையைச் சீக்கிரம் முடிக்கிற படகுக்குக் கம்பெனி பரிசு கொடுத்தது. அதனால் படியில் ஆள் தெரிந்தாலே பலகைக்குப் பக்கத்தில் நிற்பவர் அவன் அட்டையைத் திருப்பிவிடுவார். சங்கத்திலிருந்து இரண்டு முறை எழுதினோம். "உற்சாகத்தைக் கெடுக்காதீர்கள்" என்று பதில் வந்தது. படத்தில் இது ஒரு நொடி கூட இல்லை.

"படில வந்துட்டிருந்தாரு. கைய ஆட்டினாரு. பழக்கத்துல திருப்பிட்டேன். காஸ் சிலிண்டர மூடத் திரும்பிப் போனது தெரியாது. அங்கதான் உடம்பு கிடைச்சுது."

"இத்தன வருஷமா ஏன் சொல்லல?"

"விசாரணைல சொன்னேன். அறிக்கைய அலமாரில வெச்சுப் பூட்டிட்டானுங்க. உன் வீட்டுக்கு நானே வந்திருக்கணும். வரல."

சில்யே அழவில்லை, மன்னிக்கவும் இல்லை.

"உள்ள வாங்க" என்றாள். "அந்த டைரக்டர் மைக்கோட கேள்வி பதில் நடத்திட்டிருக்கான். இத அங்க சொல்லுங்க."

தூரிட் நடந்துபோய் மைக்கை வாங்கினாள். "நான்தான் அந்தச் சமையல்காரி" என்று ஆரம்பித்தாள். முன்வரிசையில் இருந்த நிஜ மேனேஜர் தன் மேல்கோட்டைத் தேடத் தொடங்கினார்.