சாம்பிள் கடலையும் சொந்தப் பத்திரிகையும்

முதலாளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அரியலூர் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடைதான். வியாழக்கிழமை காலையில் அங்கே வந்து நிற்பார். மடியிலிருந்து சில்லறையை எடுத்துப் பலகையில் வைத்துவிட்டு, வாழைத்தாருக்குப் பக்கத்தில் தொங்கும் நான்கு பக்க வாரத்தாள் ஒன்றை உருவிக்கொள்வார். அங்கேயே நின்று படிப்பார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தாளை மூக்குக்குக் கிட்டே பிடித்துப் படிப்பார். கண்ணாடி எதற்கு வைத்திருந்தார் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அந்தத் தாளின் சொந்தக்காரர் அவர்தான். அச்சடித்த இயந்திரமும், காகிதமும், மாதம் பிறந்தால் எனக்குக் கிடைத்த சம்பளமும் அவருடையவை. கடைக்காரர் முதலில் காசு வாங்கக் கூசினார். "ஓங்க பேப்பருக்கு நீங்களே காசு குடுத்தா நான் என்னத்தச் சொல்றது" என்றார். "படிக்கிறவன் காசு குடுக்கணும்ல. நான் இப்ப படிக்கிறவன்" என்றார் முதலாளி. கடைக்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு மட்டும் காரணம் தெரியும்.

எழுபதுகளின் பின்பாதி அது. அரியலூரில் அவருக்குக் கடலை மண்டி இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் நிலக்கடலையும் முந்திரியும் போடுகிறவர்கள், வண்டி கட்டிக்கொண்டு மண்டிக்கு வந்து இறங்கிய பிறகுதான் அன்றைய விலையைத் தெரிந்துகொண்டார்கள். வந்த பிறகு திரும்பிப் போகவா முடியும்? சொன்ன விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். ஊர் ஊராக விலையைப் போட்டு ஒரு தாள் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு மண்டிக்காரருக்கே தோன்றியது பெரிய அதிசயம். புண்ணியத்துக்காகத் தொடங்கவில்லை. விலை தெரிந்த விவசாயச் சம்சாரி நம்பிக்கையோடு நம் மண்டிக்கு வருவான் என்கிற கணக்கு அதில் உண்டு. அதை அவர் மறைத்ததும் இல்லை. திருச்சியில் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த என்னை அழைத்துவந்து ஆசிரியர் நாற்காலியில் உட்காரவைத்தார். ஆசிரியர், நிருபர், மெய்ப்புத் திருத்துபவர், அஞ்சல் தலை ஒட்டுபவர் எல்லாம் நானே. ஆண்டிமடம், உடையார்பாளையம், பெரம்பலூர் விலைகள் அங்கங்கே நமக்கு வேண்டியவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளாக பஸ் கண்டக்டர்களின் தோல் பைக்குள் பயணம் செய்து வரும். பஸ் பஞ்சரானால் ஆண்டிமடம் விலையும் பஞ்சர்.

தொடக்கத்தில் முதலாளி அச்சுக்குப் போகும் முன் தாளைப் பார்ப்பார். பார்ப்பதில் தவறென்ன என்று நானும் நினைத்தேன். ஒரு வாரம் உடையார்பாளையம் கடலை விலை, அரியலூர் விலையைவிட நன்றாக உயர்ந்து வந்திருந்தது. முதலாளி சிரித்துவிட்டார். "அவ்வளவு வெல எங்கயும் கெடையாது சார். சீட்டு எழுதினவன் மாத்தி எழுதிட்டான்" என்று சொல்லித் தன் மண்டி விலைக்கு ஒட்டினாற்போல் அதைக் குறைத்துத் திருத்தினார். அதில் சூது எதுவும் கிடையாது. காலமெல்லாம் ஒரே மண்டியில் உட்கார்ந்தவருக்கு அந்த மண்டி விலைதான் உலக விலை. ஆனால் உடையார்பாளையத்தில் எங்கிருந்தோ வந்த வெளியூர் வியாபாரி ஒருவர் உண்மையாகவே அந்த விலை கொடுத்திருந்தார். எங்கள் தாளை நம்பிய குத்தகைக்காரர் ஒருவர், விலை இவ்வளவுதான் போலிருக்கிறது என்று கடலை முழுவதையும் களத்திலேயே தரகரிடம் கொடுத்துவிட்டார். விவரம் தெரிந்ததும் அவர் மண்டிக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "வெல கம்மின்னு நீங்கதானங்க போட்டீங்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். முதலாளி அன்று மதியம் சாப்பிடவில்லை. அந்த வாரத்திலிருந்து அச்சாகும் முன் தாளைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தார். கடையில் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது.

சொல்வது எளிது. ஒரு மனிதர் தன் பணத்தைக் கொட்டி ஒரு தாள் நடத்திக்கொண்டு, அதில் என்ன வரப்போகிறது என்று கேட்காமலும் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். டீக்கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவருக்கு வாய் துறுதுறுக்கும். "இந்த வாரம் முந்திரி..." என்று தொடங்கி, டீயை ஊதி, "மழ வருமா சார்" என்று முடிப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அவருடைய வைராக்கியத்துக்குச் சோதனை வைத்தது நான்தான். மண்டிக்குக் கடலை வந்தால் மூட்டையின் வாயைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளி, சாம்பிள் எடுப்பார்கள். நாலைந்து காயை உடைத்துப் பருப்புப் பார்த்து விலை சொல்வார்கள். உடைத்தது போக மீதி மூட்டைக்குத் திரும்பாது. மூலையில் குவியும். சாயங்காலம் அந்தக் குவியலே தனி மூட்டையாகி மண்டிக் கணக்கில் விற்பனைக்குப் போகும். அந்தக் கடலையை விதைத்தவர், களையெடுத்தவர், பறித்தவர் யாருக்கும் அதில் ஒரு காயும் கிடையாது. எல்லா மண்டியிலும் பரம்பரையாக இதுதான் வழக்கம். எடுக்கிறவர்களுக்கு இது திருட்டு என்று தோன்றவில்லை. கொடுக்கிறவர்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இதைப் பற்றி எழுதவேண்டும் என்று வாசகர்கள் சிலர் கேட்டார்கள். பொதுவாக எழுதினால் எந்த மண்டிக்காரரும் அடுத்தவரைத்தான் சொல்கிறது என்று தள்ளிவிடுவார். ஆகவே மண்டி மண்டியாகப் போய் நின்று பார்த்து, பெயரோடு எழுதினேன். அதிகமாக அள்ளிய மண்டி எங்கள் முதலாளியுடையது. அவருடைய மச்சான்தான் அங்கே அன்றாடம் கவனித்துக்கொண்டவர். அவருக்குக் கை கொஞ்சம் பெரிது.

எழுதிவிட்டேனே தவிர எனக்கு உதறல்தான். மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். வேறு வேலை எங்கே கிடைக்கும் என்று மனம் ஒரு பக்கம் தேடத் தொடங்கிவிட்டது. தாள் வருவதற்கு முதல் நாள் டீக்கடையில் மெதுவாக ஆரம்பித்தேன். "முதலாளி, நாளைக்கு வர்றதுல ஒண்ணு..." அவர் கையைக் காட்டித் தடுத்தார். "நாளைக்குக் காலைல வாங்கிப் படிச்சிக்கிறேன். இப்ப சொன்னா வேணாம்னு சொல்லிடுவேன். சொல்லாதீங்க."

வியாழக்கிழமை வழக்கம்போல் கடைக்குப் போனார். படித்தார் என்று கடைக்காரர் சொன்னார். தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போனார். மூலையில் கிடந்த குவியலை அவரவர் மூட்டையில் திருப்பிக் கொட்டச் சொன்னார். எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? சம்சாரிகளே பங்கு பிரித்துப் போட்டுக்கொண்டார்கள். மச்சான் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். என்னைப் பார்க்க முதலாளி மறுநாள்தான் வந்தார். முகம் இறுகிக் கிடந்தது. "கோவமாத்தான் இருக்கேன் சார். ஒரு வாரம் பத்து நாளு ஆவும் அடங்குறதுக்கு. எங்க அப்பா காலத்துலேர்ந்து எடுக்கிறோம், தப்புன்னு தோணவே இல்ல. அது வேற. அடுத்த வாரத் தாளு வேலய நீங்க பாருங்க" என்றார். அவரை நான் மனதார வணங்கியது அன்றைக்குத்தான். கோபமே வராத பெரிய மனிதராக இருந்திருந்தால் எனக்கு அவ்வளவு மதிப்பு வந்திருக்காது. கோபம் வந்தது, அதை வீட்டுக்கு எடுத்துப் போனார், என் மேசைக்குக் கொண்டுவரவில்லை.

வியாபாரிகள் சங்கம் சும்மா இருக்குமா? அந்த மாதமே மண்டி விளம்பரங்கள் எல்லாம் நின்றன. பிறகு தலைவரும் இன்னும் சிலரும் எங்கள் அச்சகத்துக்கே வந்தார்கள். சண்டைக்கு வரவில்லை. பழத்தட்டோடு வந்தார்கள். புதிய அச்சு இயந்திரம் வாங்கித் தருகிறோம், எல்லா மண்டி விளம்பரமும் ஆண்டு முழுக்கத் தருகிறோம் என்றார்கள். பதிலுக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் தாள் ஒரு தடவை சங்க ஆபீசுக்கு வந்து போகவேண்டும். "எழுத்துப்பிழ கிழ இருந்தா பாத்துக் குடுப்போம்ணே" என்றார் தலைவர். கையெழுத்துப் போடவே திணறுகிறவர் அவர். எனக்குச் சிரிப்பை அடக்கவேண்டியிருந்தது.

முதலாளி என்னைக் கைகாட்டினார். "பேப்பரு நடத்துறது அவரு. அவர்ட்ட கேளுங்க. அவரு சரின்னா எனக்கும் சரி."

இப்படி ஒரு முதலாளி நம்மிடம் பொறுப்பைத் தள்ளினால் எவ்வளவு பயமாக இருக்கும் என்பது அனுபவித்தால்தான் தெரியும். நான் மாட்டேன் என்றால் நஷ்டம் எனக்கல்ல, அவருக்கு. அவர் முகத்தில் ஏதாவது ஜாடை தெரிகிறதா என்று பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே தெருவில் போகிற மாட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே பார்க்கிறார் என்று புரிந்தது. "முடியாதுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். முதலாளி எழுந்து, பழத்தட்டைத் தானே எடுத்து அவர்கள் கையில் கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினார்.

சாம்பிள் எடுக்காத மண்டி என்று தெரிந்ததும் வண்டிகள் முதலாளி மண்டியில்தான் வந்து நின்றன. பார்க்கப் பெருமையாக இருந்தது. ஆனால் விற்கிறவர் வந்தால் போதுமா? வாங்குகிற எண்ணெய் மில்காரர்களிடம் சங்கம் சொல்லிவைத்துவிட்டது. ஒருவரும் விலை கேட்க உள்ளே வரவில்லை. காலையில் வந்த வண்டிகள் மதியம்வரை காத்திருந்து, மாட்டைப் பூட்டிக்கொண்டு அடுத்த மண்டிக்குப் போயின. போகிறவர்கள் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு போனார்கள். "மன்னிச்சுக்குங்க, வூட்டுல செலவு இருக்குங்க" என்று ஒருவர் கும்பிட்டார். "போய்ட்டு வாங்க, வெல நல்லா கேளுங்க" என்றார் முதலாளி. மச்சான் என்னைப் பார்க்கும்போதெல்லாம் காறித் துப்பினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அடுத்த பருவம் மண்டி திறக்கவில்லை.

மண்டி போனதும் தாளையும் என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார். அச்சகத்துக்கு என்ன விலை என்று கேட்டேன். "முடிஞ்சதக் குடுங்க" என்றார். கூட்டாளியாகவாவது இருங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் ஒப்பவில்லை. "மண்டி வச்சிருக்கிறவன் வெலப் பேப்பருக்கு மொதலாளியா இருந்ததே தப்பு சார். நான் பரவால்லன்னே வைங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆயி, என் மச்சான் வந்து ஒக்காந்தா? நல்லவன நம்பிப் பேப்பரு நடத்தக் கூடாது" என்றார். அவர் வாலிகண்டபுரத்துப் பக்கம் இருந்த நிலத்தில் சின்ன வெங்காயம் போடப் போனார். நான் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் அடித்து, அதில் வந்ததைக் கொண்டு விலைத்தாளை ஓட்டினேன். சந்தா கட்டியவர்கள் கைவிடவில்லை. எண்பதுகள் முழுக்க அப்படித்தான் ஓடியது.

இன்று என் பேரன் கைப்பேசியில் எல்லாச் சந்தை விலையையும் ஒரு நொடியில் காட்டுகிறான். "இத யாருடா நடத்துறான்?" என்று கேட்டால், "அது எதுக்குத் தாத்தா, விலை வருதுல்ல" என்கிறான். வருகிறது. எனக்குத்தான் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதலாளி அரியலூரை விட்டுப் போய் சில ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தார். கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்து பார்த்துக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் பின்னால், முறை வரட்டும் என்று நின்றார். நான் பதறி எழுந்தேன். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. மடியிலிருந்து முந்தின வாரத் தாளை எடுத்தார்.

"பெரம்பலூர் வெங்காய வெல தப்பா இருக்குங்க. முதல் தரத்து வெலய மட்டும் போட்டிருக்கீங்க. பொடிக்காய்க்கு அதுல பாதி கூடக் கெடைக்கல. நம்பி ஏத்திட்டுப் போயி, வண்டி வாடவைக்கே பத்தாம வந்து நிக்கிறேன். நான் மட்டும் இல்ல, எங்க ஊர்ல நெறய பேரு. திருத்தம் போடணும்."

"நீங்க சொன்னா போதாதா முதலாளி? இந்த வாரமே போட்டுடறேன்" என்றேன்.

அவருக்குச் சுள்ளென்று வந்துவிட்டது. "நான் சொன்னேன்னு போடாதீங்க. போய் விசாரிங்க. தப்புன்னா போடுங்க, சரியா இருந்தா வுட்டுடுங்க."

முதலாளியாக இருந்தபோது, அந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு, தன் மண்டியே அழிந்தபோதும் என்னிடம் ஒரு வரி கேட்டதில்லை. வெங்காயம் போடுகிறவராக வந்து கேட்டார், அதையும் விசாரித்துவிட்டுப் போடச் சொன்னார். அடுத்த பஸ்ஸில் பெரம்பலூருக்குப் போய் விசாரித்தேன். அவர் சொன்னது சரி. திருத்தத்தை முதல் பக்கத்தில் போட்டேன்.