போக்குவரத்துக்கு இடையூறு

எங்கள் வார்டுக்குக் கவுன்சிலர் நான்தான், என் வீட்டுக்காரர் அல்ல. இதைச் சொல்லிவிட்டுத்தான் எதையும் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. பேரூராட்சி அலுவலகத்துக்குள் நான் நுழைந்தால் இன்றைக்கும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலீங்களா?" என்கிறார்கள். "சார் தறியில குந்திகினு இருக்காரு, உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கேட்டுக் கேட்டு என் தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

ஆரணியை ஒட்டிக் கிடக்கிற ஊர் எங்களுடையது. பெயர் வேண்டாம். என் தெருவில் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. தெரு ஒரு பக்கம் அடைப்பு, அந்த அடைப்பில் கடைசி வீடு என்னுடையது. சேலைக்கு நீளவாட்டில் ஓடும் இழைகளை மொத்தமாகப் பாவு என்போம். அதைத் தறியில் ஏற்றுவதற்கு முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காயவைக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இடையில் யாருக்காவது அவசரம் என்றால் ஒரு குரல் போதும். தெருவே கூடி, இழுப்புக் குறையாமல் பாவைத் தூக்கிச் சுவரோரம் ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிணம் போயிருக்கிறது, கேஸ் வண்டி போயிருக்கிறது. இதற்கென்று யாரும் சட்டம் போட்டதில்லை.

பிறகு சட்டம் வந்தது. முதலில் கூடம் வந்தது. நெசவாளர்கள் தெருவை மறிக்காமல் இருக்க, ஏரிக்கரைப் பக்கம் கூரை போட்டு ஒரு பாவுக் கூடம். வரைபடம் மேலிடத்திலிருந்து தயாராகவே வந்தது. எல்லா ஊருக்கும் ஒரே வரைபடமாம். நானும் சந்தோஷமாகக் கை தூக்கினேன். கட்டி முடித்துத் திறப்பு விழாவுக்குப் பூமாலை எல்லாம் போட்ட பிறகு எங்கள் தெருக்காரர்கள் பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பாவு முடிவதற்குள் சுவர் வந்துவிட்டது. கூடம் நீளம் போதவில்லை. பொறியாளரிடம் சொன்னால் அவர் நிதானமாக, "மடிச்சுப் போட்டுக்கலாமே" என்றார். கஞ்சி தடவிய பட்டை மடிப்பதாம்! நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, அன்றே கத்தியிருக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில், கூடம் இருப்பதால் இனித் தெருவில் பாவு நீட்டத் தடை என்று தீர்மானம் வந்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கு இடையூறு என்று காரணம் எழுதியிருந்தார்கள். நான் எழுந்து, கூடத்தை நீட்டிக் கட்டுங்கள், அதுவரைக்கும் பொறுங்கள் என்றேன். தலைவர் சரி பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார். செயல் அலுவலர் மட்டும் பொறுக்கவில்லை. சின்ன வயசு, படித்த பிள்ளை, கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "மேலேர்ந்து டெய்லி கேக்கறாங்க மேடம். கூடம் யூஸ்ல இருக்குன்னு நான் காட்டணும்" என்றார். காட்டணும் என்றுதான் சொன்னார்.

அந்த நாட்களில்தான் தேசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, பிரஷர் ஏறியிருந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வலி வந்தா வீட்ல வச்சிகினு பாக்காதீங்க. அடுத்த நிமிஷம் இங்க இருக்கணும். தாய்க்கும் ஆபத்து, குழந்தைக்கும் ஆபத்து" என்று சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. அவள் புரண்டு படுத்தால்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

வலி ஒரு காலைப்பொழுதில் வந்தது. வீட்டுக்காரர் நெய்த சேலையைக் கொடுக்க ஆரணிக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு வெளியே ஓடிவந்தேன். தெரு முழுக்க எதிர்வீட்டு அண்ணனுடைய பாவு நீண்டு கிடந்தது, கஞ்சி ஈரத்தோடு. தெருமுனையில் பேரூராட்சி லாரி குறுக்கே நின்றிருந்தது. பக்கத்தில் செயல் அலுவலர். தடை இன்னும் நிறைவேறவில்லை, அதற்குள் பாவை இழுத்துக் கட்டும் கட்டைகளைப் பறிமுதல் செய்ய வந்திருக்கிறார். யாரும் தப்பித்துப் போகாமல் இருக்க லாரியை அப்படி நிறுத்தச் சொன்னாராம். அங்கே ஏற்கெனவே வாய்ச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"அண்ணா, பொண்ணுக்கு வலி வந்துடுச்சிணா!" என்றேன். சண்டை அப்படியே அறுந்துவிட்டது. "ஜல்தி புடிங்கடா" என்றார் அண்ணன். இரண்டு முனையிலும் ஆட்கள் கட்டையைப் பிடிக்க, நடுவில் பெண்கள் கை கொடுக்க, பாவு எழும்பிச் சுவரோரம் போய் நின்றது. தெரு துடைத்துவிட்டாற்போல் காலியாகிவிட்டது. மகளின் இடுப்பைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தேன். நாலு அடிக்கு ஒரு தரம் நின்று என் தோளைக் கவ்விக்கொண்டாள்.

லாரிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. லாரியை எடுக்கச் சொன்னேன். டிரைவர் இல்லை.

"டீ குடிக்கப் போயிருக்காரு மேடம், இப்ப வந்துடுவாரு" என்று செயல் அலுவலர் போன் போட்டார். மணி லாரிக்குள்ளேயே அடித்தது. கதவு பூட்டு, கண்ணாடி ஏற்றியிருக்கிறது, சாவி டிரைவர் பையில். உள்ளே இருக்கையின் மேல் கிடந்த போன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. அவர் மறுபடியும் அதே நம்பருக்குப் போட்டார். வாழ்க்கையில் ஒரு மனிதனை அறைய வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது அப்போதுதான். மகள் பிடித்திருந்த கை அது, அதனால் தப்பித்தார்.

"தள்ளிப் பாக்கலாம், வாங்கடா" என்றார் அண்ணன். எல்லார் கையிலும் பாவு. விட்டால் ஈர இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மண்ணில் விழுந்தால் அதோடு போச்சு. அவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். "போனா போவுது, வுடுங்கடா!" என்று அவரே முதலில் கையை விட்டார். அரக்குச் சிவப்புப் பட்டு, அத்தனை நீளமும் சாக்கடை ஓரம் சரிந்து விழுந்தது. அத்தனை பேரும் ஓடிப்போய் லாரியைத் தள்ளினார்கள். கியரில் நின்ற வண்டி அசையவே இல்லை.

லாரிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நிறைமாத வயிற்றோடு என் மகள் பக்கவாட்டில் திரும்பி, சுவரில் முதுகு உரச உரச நகர்ந்து போனாள். பாதியில் வலி பிடித்துக்கொண்டது. "ம்மா, என்னால முடியலம்மா" என்றாள். நான் பின்னால் நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் அம்மன் ரேணுகாம்பாளைக் கூப்பிட்டேன், கூடவே கெட்ட வார்த்தையும் சொன்னேன். அந்தப் பக்கமிருந்து ஆம்புலன்ஸ் நர்ஸ் கையை நீட்டி இழுத்துக்கொண்டாள். போகிற வழியில் மகளுக்கு உடம்பு விறைத்து, கண் மேலே சொருகியது. நர்ஸ் ஊசி போட்டாள். எனக்கு உயிர் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் நேராக ஆபரேஷனுக்குத் தூக்கிப் போனார்கள். குழந்தை பிழைத்தது. மகள் கண் திறந்து என்னை யாரென்று கேட்டாள், மறுநாள்தான் "ம்மா" என்றாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டரம்மா ஆரம்பித்தார். போதும், சொல்லாதீங்க என்று காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். அண்ணன் வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போனார். பாவைப் பற்றி நானாகக் கேட்டபோது, "அத்த வுடும்மா" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் தடைத் தீர்மானம் மறுபடி வந்தது. இந்த முறை செயல் அலுவலர் சுவரில் படம் போட்டுக் காட்டினார். முதல் படத்தில் எங்கள் தெரு, நடுவே பாவு. 'நடவடிக்கைக்கு முன்' என்று கீழே எழுதியிருந்தது. இரண்டாவது படத்தில் தெரு காலி. பாவு சுவரோரம் ஒதுங்கியிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் எடுத்திருக்கிறார். போனில் டிரைவரைத் தேடுவதற்கு முன்னாலேயே, அதே போனில் இந்த வேலையை முடித்திருக்கிறார். படத்தின் நடுவில் இரண்டு பெண்கள் நடந்து வருகிறார்கள். ஒருத்தி குனிந்து வயிற்றைப் பிடித்திருக்கிறாள். கீழே, 'பொதுமக்கள் தடையின்றி நடமாடும் காட்சி' என்று எழுதியிருந்தது.

எழுந்தேன். "அதுல நடந்து வரது நானும் என் பொண்ணும். பிரசவ வலியில வரா. ஆம்புலன்ஸ மறிச்சது பாவு இல்ல, உங்க லாரி. எழுதுங்க, மினிட்ஸ்ல எழுதுங்க!" என்றேன். குரல் உடைந்து, கடைசி வார்த்தை அழுகையாகத்தான் வந்தது.

தலைவர்தான் முதலில் முகம் மலர்ந்தார். "அட, பாட்டி ஆயிட்டீங்களா! சொல்லவே இல்லயே. இன்னா கொழந்த?"

"பொண்ணு" என்றேன்.

எல்லோரும் சிரித்த முகத்தோடு மேசையைத் தட்டினார்கள். செயல் அலுவலரும் தட்டினார். அந்தச் சத்தம் அடங்குவதற்குள், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று தலைவர் படித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்.