பாட்டில்லாத சத்தம்

அன்று அப்பா இருந்தார். அம்மா சமையல்கட்டு வாசலில் வெறுந்தரையில் படுத்திருந்தாள். கோல் மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த அத்தை, அப்பாவின் அக்கா, நாற்காலியில் இருந்தாள். சித்தப்பா கிட்டாரோடு சுவரில் சாய்ந்திருந்தார். நான் கூலர் முன்னால். தங்கச்சி இல்லை. அவள் மஞ்சள் காமாலையில் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது.

எண்பத்திரண்டோ மூன்றோ. ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ். எனக்கு எட்டு வயது.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பாட்டுக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். தில்லிக்கு வந்தாலும் திருநெல்வேலி வழக்கம்தான். அப்பா ரேடியோ மேல் துண்டைப் போட்டு மூடியிருந்தார்.

அம்மா அழவில்லை. தூங்கவும் இல்லை. தட்டை வைத்தால் தட்டையே பார்ப்பாள். டாக்டர் தந்த மாத்திரையை வாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுவாள். இப்படியே போனால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சித்தப்பா எங்களோடுதான் இருந்தார். ஆபீஸில் கூட வேலை பார்த்த கோவாக்காரரிடம் கிட்டார் பழகியவர். ஒரு பாட்டும் முழுதாகத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிட்டாரை எடுத்தார். கூலர் இரைச்சலோடு சேரும்வரை தடித்த கம்பியைத் தளர்த்தினார். ஒரு தடவை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை சும்மா இருந்தார். பிறகு இன்னொரு தடவை. தாளம் கிடையாது. கைக்கு வந்தது வந்தது.

அம்மா வந்து தரையில் படுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அப்படியே இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்து மோர்ச்சாதம் கேட்டாள்.

அப்பாவுக்குச் சங்கடம். சித்தப்பா, "இது பாட்டு இல்லண்ணே, வெறும் சத்தம்" என்றார். அப்பா ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவர். சத்தத்துக்குத் தடை எங்கும் எழுதியிருக்கவில்லை. விட்டுவிட்டார். அதன்பின் தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் சித்தப்பா வாசிப்பார். அம்மா தூங்குவாள், எழுந்து கொஞ்சம் சாப்பிடுவாள்.

தினமும் வேறு மாதிரிதான் வரும். ஆனால் நாலு சுரம் மட்டும் எப்படியோ திரும்ப வந்துகொண்டிருந்தது. அதை நான் பிடித்துவைத்திருந்தேன்.

அத்தை வந்த அன்று அவளிடமும் சித்தப்பா வெறும் சத்தம் என்றே சொல்லியிருந்தார். அம்மாவுக்குக் கண் சொருகிக்கொண்டிருந்தது. அந்த நாலு சுரம் வந்தது. அத்தை மெச்சுவாள் என்று நினைத்தேன். தங்கச்சி பெயரை அதில் போட்டு, வா வா என்று சேர்த்து, உரக்கப் பாடினேன். நன்றாகவே பொருந்தியது.

சித்தப்பா கை நின்றது. அம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

அத்தை கேட்டாள். "பாட்டு இல்லன்னு சொன்னியேல. பொறவு பிள்ள எப்படிப் பாடுதா?"

"அவளா சேத்துக்கிட்டாக்கா."

"சேத்துப் பாட வருதுன்னா அது பாட்டுதாம்ல. செத்த பிள்ளைக்கு இன்னும் வருசங்கூடத் திரும்பல. ஊருல கேட்டா காறித் துப்புவான்."

அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். "உள்ள வைடா."

சித்தப்பா கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். மறுநாள் சாயங்காலம் அம்மா அவரிடம் வந்து நின்றாள். மூன்று மாதத்தில், அந்த மோர்ச்சாதம் தவிர, அவளாகக் கேட்டது அது ஒன்றுதான்.

"தம்பி, கொஞ்ச நேரம் வாசிங்க."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைத் திருப்பினார். சித்தப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

என் குரல் பிடிக்காமல்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்தேன். அம்மாவைத் தூங்கவைக்க நானே பாடினேன், மெதுவாக, அதே பெயரைப் போட்டு. அவள் என் வாயில் கையை வைத்தாள். அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தாள். கை கொதித்தது.

அந்தச் சத்தத்தில் யார் பெயரும் இல்லாததால்தான் அவளால் அதில் படுக்க முடிந்தது. இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபோது சொல்ல ஆள் இல்லை. அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை. சித்தப்பா அந்த வருடமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனவர், அப்புறம் வரவில்லை.

அம்மா மறுபடி சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு தண்ணீரை. வெயில் காலம். ஒரு மத்தியானம் குளியலறை வாசலில் விழுந்தாள். ஆஸ்பத்திரி போகும் வழியில் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது.

நான் அத்தை முன்னால் பாடியதற்குப் பின் அம்மா இருந்தது பதினோரு நாள்.