சட்டையில் வந்த புகை

பீடிப் புகை காற்றோடு போய்விடாது, சட்டையில் ஒட்டிக்கொண்டு வந்து பிள்ளையின் தோலைப் பாடாய்ப் படுத்தும் என்று எனக்கு முதன்முதலில் சொன்னது ஒரு தோல் டாக்டரம்மா. போன ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

கோவில்பத்தில் என் வீட்டிலேயே, வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். என் பிள்ளைகள் இரண்டும் வளர்ந்து வேறு ஊர்களில் இருக்கிறார்கள். நான் படித்தது எட்டாவதோடு சரி. தெரிந்த வேலை இது ஒன்றுதான். பிள்ளை பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கே தெரியும்: காலையில் இல்லாத ஒரு கீறல் சாயங்காலம் பிள்ளை உடம்பில் இருந்தால், அன்றைக்கு நமக்குச் சோறு இறங்காது.

கத்திரிக்காய்

இனியா என்னிடம் வந்தபோது ஏழு மாசம். அவள் அம்மா சுதாவுக்கு டவுனில் ஆபீஸ் வேலை. ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டுப் போவாள். வந்த இரண்டாம் மாசம் பிள்ளையின் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவந்து, சொரசொரவென்று ஆகி, சொறிந்து சொறிந்து நீர் கசிய ஆரம்பித்தது. எக்ஸிமா என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அது கரப்பான். கரப்பான் என்றால் சாப்பாட்டில்தான் வரும் என்பது நான் பிறந்ததிலிருந்து கேட்ட பேச்சு.

"பால் குடுக்கிறவ நீ, வாயைக் கட்டணும்" என்று சுதாவிடம் நானேதான் சொன்னேன். முதலில் கத்திரிக்காயை விட்டாள். பிறகு கருவாடு. பிறகு காரைக்கால்மேட்டிலிருந்து கூடையில் வரும் இறால். வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் போடுவதாக நான் வேண்டிக்கொண்டேன். ஒரு மாசத்தில் சுதாவுக்குக் கன்னம் ஒட்டிப்போனது. பிள்ளைக்கு ஒன்றும் ஆறவில்லை. ஒரு சாயங்காலம் இனியாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே சொன்னாள்: "இனிமே நான் விடவேண்டியது சோறு ஒண்ணுதாங்க்கா."

டாக்டரம்மா கேட்ட கேள்வி

இனியாவை டாக்டரிடம் காட்டப் போனபோது சுதா என்னையும் கூட்டிப்போனாள். பகலெல்லாம் பார்க்கிறவள் நான்தானே. டாக்டரம்மா மடிப்பு மடிப்பாகப் பார்த்துவிட்டு, "வீட்ல யாராவது பீடி, சிகரெட் குடிப்பாங்களா?" என்று கேட்டார். "எங்க வீட்ல யாரும் இல்லீங்க" என்றாள் சுதா. அது உண்மை. என் வீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தரையில் இருந்த பூப்போட்ட டைல்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பீடியை வீட்டுக்குள் குடிக்க மாட்டார், கொல்லையில் நின்றுதான் குடிப்பார். பீடியை அணைத்துவிட்டு நேரே வந்து இனியாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். அவர் தோளில்தான் அவளுக்குத் தூக்கம். கன்னத்தையும் கழுத்தையும் அவர் சட்டையில் தேய்த்துத் தேய்த்துத்தான் தூங்குவாள்.

சில பிள்ளைகளுக்குத் தோல் வாகே அப்படி, புகை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் அப்படிப்பட்ட தோலுக்குப் புகை ஆகாது, இருக்கிறதைக் கிளப்பிவிடும் என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். கத்திரிக்காயை மறுபடி சாப்பிடச் சொன்னார். எழுந்து வரும்போது நான் மெதுவாக, "வெளியில போயிக் குடிச்சா ஒண்ணும் பண்ணாதுங்களேம்மா?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னார்: "வெளியில போய்க் குடிச்சாலும், சட்டை உள்ளதானம்மா வருது."

சாம்பிராணி

கல்யாணமாகி முப்பத்தியிரண்டு வருஷத்தில், இதைச் செய்யாதீர்கள் என்று நான் அவரிடம் ஒன்றும் சொன்னதில்லை. மாரியம்மனிடம்தான் சொல்லியிருக்கிறேன். இந்த முறை மூன்று நாள் யோசித்து, அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "புகை பட்டா பாப்பாவுக்கு ஆகாதாம், டாக்டரம்மா சொன்னாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. துண்டில் கை துடைத்தபடி, பக்கத்தில் இருந்த தூபக்காலைப் பார்த்தார். பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி காட்டாமல் நான் விட்டதில்லை. என் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்தேன். "இந்தா பாரு, நான் விடுறது புகை. நீ போடுறது என்ன, பன்னீரா?"

வெள்ளிக்கிழமை

தூபக்காலை எடுத்துப் பரண்மேல் வைத்தேன். அவர் கொல்லைக்குப் போவது மட்டும் நிற்கவில்லை. களிம்பு போட்டும், திங்கட்கிழமை ஆறி வருகிற கழுத்து வெள்ளிக்கிழமை சிவந்து போகும். எனக்கு அது முன்பே தெரிந்துவிட்டது. சுதாவுக்குத் தெரியக் கூடாதே என்று இருந்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சுதா ஒன்றும் சின்னப் பிள்ளை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் நின்றபடியே கேட்டாள்: "அக்கா, சனி ஞாயிறு எங்க வீட்ல ஆறிடுது. உங்க வீட்ல என்னக்கா இருக்கு?"

காலித் தூளி

சொல்லிவிட்டேன். பீடியையும் சொன்னேன், டாக்டரம்மாவிடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. திங்கட்கிழமை இனியா வரவில்லை. செவ்வாயும் இல்லை. அவர் காலையில் இரண்டு தடவை வாசல் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "பாப்பாவுக்குக் காய்ச்சலா?" என்று கேட்டார். "இல்லீங்க. நம்ம வீட்டுக்கு அனுப்ப சுதாவுக்குப் பயம்" என்றேன். இனியாவின் தூளி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதைச் சுருட்டி மேலே போட்டார்.

மறுநாள் அவர் சட்டை ஐந்தையும், தலையணை உறையையும், தூளிச் சேலையையும் அவரே சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டார். நான் சுதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "ஒரு வாரம் அனுப்பிப் பாக்குறேங்க்கா" என்றாள்.

இனியா வந்த அன்று, அவரைப் பார்த்ததும் என் இடுப்பிலிருந்து பாய்ந்து கையை நீட்டினாள். அவர் அப்போதுதான் கொல்லையிலிருந்து வந்திருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டடி தள்ளி நின்றார். "இரு தங்கம், தாத்தா குளிச்சிட்டு வந்துடுறேன்."

ஒரு நாளைக்கு ஐந்து தடவை குளிப்பது கஷ்டமாக இருக்கவே பீடியை இரண்டாகக் குறைத்திருக்கிறார்; முப்பத்தியிரண்டு வருஷம் நான் வேண்டிய வேண்டுதல் கடைசியில் தண்ணீர்த் தொட்டியில்தான் பலித்தது. சுதாவின் ஒரு வாரம் இரண்டு மாசமாகிவிட்டது. கழுத்து ஆறியிருக்கிறது, முழங்கை மடிப்பு இன்னும் முழுசாக ஆறவில்லை. வெள்ளிக்கிழமை வந்தால் இப்போதும் முதலில் அந்த மடிப்பைத்தான் விரித்துப் பார்க்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: பீடியோ சிகரெட்டோ குடித்துவிட்டு வந்தால், கை முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு பிள்ளையைத் தூக்குங்கள்.